குளியலறைக்குள் மேகம்

முதுநகர், துறைமுகச் சாலைக்குப் பின்வரிசை.
மொட்டை மாடியில் ஆறு பலகை.
பதினொரு மணிக்கெல்லாம்
வீடு குடித்தது போக மிச்சம் வழியும்.
வழிந்தது கம்பியேறிப்
போய்விடும்.
யார் வீட்டு மிக்ஸியில்
சட்னியானதோ, தெரியாது.
பில்லில் அதற்கு ஒரு வரி வரும்,
சில்லறைக்கும் சற்றுக் குறைவாய்.

எனக்கு அது பொறுக்கவில்லை.
கஞ்சத்தனம் என்றாள் அமலோற்பவம்.
இருக்கலாம்.
தண்ணீர் மோட்டாருக்குச் சுருள் கட்டியே
இருபத்தாறு வருடம் ஓட்டியவன்,
சொட்டுகிற குழாயைக் கேட்டால்
தூக்கம் வராது.

ஒரு ஞாயிறு, பூசை முடிந்து வந்து
மீட்டருக்குப் பக்கத்தில் சின்னதாய் ஒரு பெட்டி மாட்டினேன்.
வெளியே கிளம்பும் மின்சாரத்தை
வாசலிலேயே மறித்து
இந்தா, இப்படி வா என்று
கீசருக்குத் திருப்பிவிடும் பெட்டி.
மிச்சம் கொஞ்சமென்றால் கொஞ்சமாய்ச் சுடும்.
நிறைய என்றால் நிறைய.

"சித்திரை வெயில்ல வெந்நீரா?"
அமலோ தலையில் கைவைத்தாள்.
"மாடித் தொட்டித் தண்ணியே
கால்ல ஊத்தினா கொப்புளிக்குது.
மத்தியானத்துல பச்சைத்தண்ணி வர்ற மாதிரி
ஒரு பெட்டி கண்டுபிடி,
கும்பிடறேன்."

நியாயம்தான்.
வெயில் இருக்கும்போது வெந்நீர் யாருக்கு?
கார்த்திகை அடைமழையில் வேண்டும்போதோ
பலகைமேல் ஒரு காக்கை
சிறகை உதறிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான்.
அதைவிடக் கேவலம்
போன புயலுக்கு மறுநாள்.
துடைத்துவிட்ட வானம், கொளுத்துகிற வெயில்,
ஊர்க் கம்பி அறுந்து கிடக்க
என் சூரியனும் வேலைநிறுத்தம்.
லைனில் ஆள் ஏறியிருப்பான், சும்மா இரு என்று
இன்வெர்ட்டர் கண்ணை மூடிக்கொண்டது.
மூன்று நாள்
பலகைகளில் துணி காயப்போட்டோம்.

ஆனாலும் ஒன்று.
எங்கள் குளியலறைக்கு ஜன்னல் கிடையாது.
கீசரின் சிவப்பு விளக்கு மங்கினால்
கடலிலிருந்து வந்த மேகமொன்று
வீட்டைத் தாண்டுகிறது என்று அர்த்தம்.
தலைக்குச் சீயக்காய் தேய்த்தபடி
ஒற்றைக் கண்ணால் பார்ப்பேன்.
மங்கல்.
இன்னும் மங்கல்.
போய்விட்டது.
ஈரச் சுவருக்குள் நின்று வானம் பார்க்கிறவன்
முதுநகரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

கீழ்ப்போர்ஷனில் அஞ்சலாட்சி.
இறால் கம்பெனியில் தோல் உரிக்கிற வேலை.
விடிகாலை ஐந்துக்குப் போனால்
மூன்றுக்குத் திரும்புவாள்.
அன்று வாடகையை நீட்டினாள்.
நோட்டு நழுவி விழுந்தது.
குனிந்தவளால் எடுக்க முடியவில்லை,
தரையைத் தரையைப் பிறாண்டினாள்.
வெளுத்துச் சுருங்கி
வேறு யாருடையதோ போலப்
பத்து விரல்.

"ஐஸு சார். காலைலேர்ந்து அதுலதான் கை.
கொஞ்ச நேரத்துல வந்துரும்."

வெளியே நூற்றிநான்கு டிகிரி.
தார் இளகிச் செருப்பைப் பிடிக்கிற தெரு.
அதைக் கடந்து வந்தும்
குளிரில் விறைத்து நிற்கிறாள் ஒருத்தி.

அமலோதான் எழுந்தாள்.
நீல வாளி, முக்கால் நிறைய.
விளாவக்கூட இல்லை,
புறங்கையால் தொட்டுப் பார்த்து வைத்தாள்.
அஞ்சலாட்சி மணிக்கட்டு வரை விட்டாள்.
முகம் கோணியது.
உணர்வு திரும்பும்போது வலிக்குமாம்.
பிறகுதான் தோள் இறங்கியது.
யாரும் எதுவும் பேசவில்லை.
கேட்டதெல்லாம்
வாளிக்குள் விரல்கள் ஒன்றையொன்று
தேடும் சத்தம்.

இப்போது மேலிருந்து கீழே
ஒரு குழாய் போகிறது.
யூனிட் எழுதும் நோட்டில்
அதற்குப் பத்தி ஒதுக்கவில்லை.
கஞ்சன் மறந்துவிட்டான் என்கிறாள் அமலோ.

தினம் இரண்டே காலுக்கு
மாடியேறிக் கிழக்கே பார்ப்பேன்.
அமலோ பாத்திரத்துக்குப் பிடித்தது போக
கீசர் மறுபடி சூடேறுகிற நேரம்.
துறைமுகத்துக்கு அந்தப் பக்கம்
பஞ்சுபோல் ஏதாவது கிளம்பினால்
கையைக் காட்டுவேன்,
பஸ்ஸை நிறுத்துகிற மாதிரி.
இரப்பா,
இன்னும் ரெண்டு கை நனையணும்.