எட்டாவது படி

சீசன் செத்துக் கிடந்த ஒக்டோபர்.
அப்புத்தளை கூட்டுறவு மண்டபத்தில்
இருபத்திரண்டு வழிகாட்டிகள்.
கழிவறை எந்தப் பக்கம் என்று
ஒருவருக்கும் தெரியவில்லை.

எல்ல பாலத்தில் நாளுக்கு நாலு தரம்
அதே பகிடியை விடும் நிசாம்தீன்,
ரயிலில் ஜன்னல் ஓரம் பிடித்துக் கொடுப்பதில்
பேர்போன செபஸ்தியாம்பிள்ளை,
கண்டியிலிருந்து பிரெஞ்சு பேசும் உபுல்,
பெண்கள் மூன்று பேர், அதில் நான்.
போன டிசம்பர் ஒரு ஜெர்மன் குடும்பத்துக்காக
ஸ்டேசன் வாசலில்
சட்டையைப் பிடித்துக்கொண்டவர்கள்
ஒரே பிளாஸ்டிக் மேசையில் குனிந்து
ஈர்க்கிலும் நூலும் வைத்துக்
கோபுரம் கட்டுகிறார்கள்.
அது சாய்கிறது. மாறி மாறி
மற்றவன் பக்கம் என்கிறார்கள்.

கொழும்பிலிருந்து வந்த பெர்டினண்டஸ் சேர்
'குழு என்பது' என்று எழுதியதோடு
மார்க்கர் வறண்டது.
பின்னேரம் வரை
குழு என்பது அவ்வளவுதான்.

இடையில் தேநீர்.
உலகத்திலேயே நல்ல தேயிலை என்று
வாய் நோகச் சொல்கிற நாங்கள்
பால்மா கரைத்த டஸ்ட்டைக் குடித்தோம்.
அட்டை கடித்த கணுக்காலைச் சொறிந்தபடி.

இரண்டு மணிக்குக் கண்கட்டு.
ஒருவர் குருடு, ஒருவர் வழி.
"ஊரெல்லாம் உங்களை நம்பி நடக்குது,
ஒருக்கா நீங்களும் நம்பிப் பாருங்க" என்றார் சேர்.
சீட்டில் எனக்கு விழுந்தது உபுல்.
ஏதோ ஹோட்டலின் பெயர் அடித்த துவாயை
என் கண்ணில் இறுக்கிக் கட்டினான்.

"மெதுவா. இங்க கல்லு. இங்க சேறு."
பாதித் தமிழ், மீதி சிங்களம்,
முழங்கையில் இரண்டு விரல்.
தெற்கிலிருந்து ஏறி வந்த மூடுபனி
நெற்றியை நனைத்தது.
ஃபாக்டரியில் வாடும் கொழுந்தின் வாசம்
வலப்பக்கம் கழிந்தது.
பிறகு விறகுப் புகை, சுட்ட கருவாடு,
ஈரக் கம்பளி.

எனக்குத் தெரிந்துவிட்டது.
நான் யாரையும் கூட்டிப்போகாத திருப்பத்தில்
இவன் தெரியாமல் திரும்பிவிட்டான்.
என் ஆட்களுக்கு எப்போதும் மேல் ரோட்டுதான்,
டர்பன்டைன் மரங்கள், படம் எடுக்க நல்ல வெளிச்சம்.

"படி இருக்கு. ஏழு."
எண்ணி இறங்கினேன்.
ஏழு முடிந்தும் என் கால்
எட்டுக்கு நீண்டது.
புல்லுக்குள் உடைந்த எட்டாவது படி
அங்கேயே இருந்தது.
தடுக்கியவன் உபுல்.
கண் கட்டிய நான்
அவன் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

கொஞ்ச நேரம் பேசவில்லை.
பிறகு அவனுக்குத் தெரிந்த தொழிலைச் செய்தான்.
"இடது பக்கம் நீளக் கூரை.
தகரத்துக்கு மேல கல்லு வச்சிருக்கு.
கதவு, கதவு, கதவு... பன்னிரண்டு.
ஸ்கூல் சப்பாத்து ஒண்டு காயுது. மழை பெய்யுது,
ஆனா காயப் போட்டிருக்கு.
ஒரு அக்கா எங்களப் பார்க்கிறாங்க."

"என்னடி புள்ள,
கண்ணக் கட்டிக் கடத்திக்கிட்டுப் போறானா?"
தெய்வானை அக்காவின் குரல்.
அடுத்த காம்பரா.

ஒன்பது வருசம் இந்த மலையைக் காட்டியிருக்கிறேன்.
உயரம், மழையளவு,
முதல் கன்று நட்ட துரையின் பெயர்,
எல்லாம் மூன்று மொழியில் பாடம்.
கூரைமேல் கல் இருப்பதை
ஒரு மொழியிலும் சொன்னதில்லை.

"யார் இருக்கிறது இங்க?" என்றான்.
துவாய்க்குள் கண் திறந்துதான் இருந்தது.
மூன்றாவது கதவு, என்றேன்.
பச்சை பெயின்ட்.
"நீலம்" என்றான்.
தம்பி மாற்றியிருக்கிறான்.
எனக்குச் சொல்லவில்லை.

மண்டபத்தில் சேர் கேட்டார்,
என்ன படித்தீர்கள்?
"ஏழு இல்ல சேர், எட்டு" என்றான் உபுல்.
விளங்காமல் எல்லோரும் கைதட்டினார்கள்.
குழுப்படத்தில் பனி விழுந்து
செபஸ்தியாம்பிள்ளையின் தொப்பி மட்டும் தெளிவு.

டிசம்பர் நாலாம் தேதி முதல் ஆட்கள் வருகிறார்கள்,
பிரெஞ்சுக்காரர்கள், உபுல் அனுப்பியது.
மேல் ரோட்டா கீழ் ரோட்டா,
இன்னும் தீர்மானிக்கவில்லை.
அந்தப் படியில் மட்டும்
நேற்று புல்லை வெட்டினேன்.