ஏறுமுன்னே இறங்கியது

முழுப்பணமும் கட்டி ஒன்பதாம் நாள்
விலை இறங்கியது.
நாங்கள் இன்னும் ஏறவே இல்லை.

ஏர்லீன் என் முட்டைத்தட்டுக்குப் பக்கத்தில்
அலைபேசியை வைத்தாள்.
அதே கப்பல். அதே ஏழு இரவு.
எட்டாம் தளத்தில் அதே பால்கனி அறை.
எங்களுக்கு விற்றதைவிடத்
தலைக்கு இருநூற்றுப் பதினாறு டாலர் குறைவு.
"தலைக்கு" என்றாள் மறுபடி,
என் தலையை ஒருமுறை பார்த்துவிட்டு.

நான் முப்பத்தோரு வருஷம்
கால்வெஸ்டனுக்கும் பொலிவருக்கும் நடுவே
வண்டிகள் ஏற்றும் படகில் கயிறு கட்டியவன்.
அந்தப் படகுக்குக் கட்டணமே கிடையாது.
எண்ணெய்க் கம்பெனி லாரி, சவ ஊர்தி,
கல்யாணத்துக்குத் தாமதமான மாப்பிள்ளை,
பறவைகளுக்கு ரொட்டி எறியும் பிள்ளைகள்,
யாரிடமும் ஒரு சென்ட் வாங்கியதில்லை.
கட்டுவது என்றால் எனக்குக் கயிறுதான்.
கட்டியதை அவிழ்க்கவும் தெரியும்.
பணம் கட்டுவது வேறு முடிச்சு.

கம்பெனியை அழைத்தாள்.
நாற்பத்தாறு நிமிடம் ஸ்டீல் டிரம் இசை.
ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத் துணி மடித்தாள்.
பிறகு ரோவேனா என்றொரு குரல்.
அங்கே நடுராத்திரியாம்;
நேரம் தெரியாத சேவல் ஒன்று பின்னால் கூவியது.
"கடைசித் தேதி தாண்டிவிட்டது, மேடம்.
இறங்கிய விலை புதியவர்களுக்கு மட்டும்."
"அப்படியானால் ரத்து செய்துவிட்டு
நாளைக்குப் புதியவளாக வருகிறேன்."
"ரத்து செய்தால் பாதிப்பணம் போய்விடும், மேடம்."
ஏர்லீன் இருபது வருஷம்
பள்ளிக்கூடப் பேருந்துகளை ரேடியோவில் மேய்த்தவள்.
குரல் உயர்த்தாமலே ஆளை நிறுத்திவைக்கத் தெரியும்.
கடைசியில் கிடைத்தது
கப்பலுக்குள் செலவழிக்க எழுபத்தைந்து டாலர்.
கரையில் செல்லாக் காசு.
கடலில் மட்டும் செல்லும்.
சேவலுக்குத் தீனி போடச் சொல்லிவிட்டு
போனை வைத்தாள்.

அதற்குப் பிறகும் தினம் காலையில் பார்த்தாள்,
புயல் சின்னம் பார்ப்பதுபோல.
இன்னும் பதினெட்டு இறங்கியது.
பிறகு நாற்பது.
"பார்க்காமல்தான் இரேன்" என்றேன்.
"பல் விழுந்த இடத்தை
நாக்கு தொடாமல் இருக்குமா?"

புறப்பட மூன்று நாள் இருக்கையில்
விலை ஏறியது.
நாங்கள் கொடுத்ததையும் தாண்டி
அறுபது டாலர் மேலே.
அவள் போட்ட கூச்சலில்
பக்கத்து வீட்டு டுவெய்ன்
வேலிக்கு மேல் தலை நீட்டினான்.
எங்கள் பைக்கு ஒன்றும் வரவில்லை.
ஆனாலும் அன்று இரவு இறால் பொரித்தாள்,
இரண்டு பேருக்குச் சட்டி நிறைய,
லாபம் வந்த வீடு மாதிரி.

கப்பல் கால்வாயைத் தாண்டும்போது
என் படகு ஒதுங்கி நின்று எங்களுக்கு வழிவிட்டது.
எட்டாம் தளத்திலிருந்து அதைப் பார்த்ததில்லை நான்.
இவ்வளவு சின்னதா?
பழக்கதோஷம், வண்டிகளை எண்ணினேன்.
நாற்பத்தொன்று.
எல்லாரும் இலவசமாக நின்றுகொண்டு
எங்களுக்குக் கையசைத்தார்கள்.
மஞ்சள் உடுப்பில் ஒரு பையன்
கயிறு பிடித்தபடி நின்றான்.
முடிச்சைத் தளர்வாகப் போட்டிருந்தான்.
கத்திச் சொன்னாலும் கேட்டிருக்காது.

இரவுச் சாப்பாட்டு மேசையில்
ஒக்லஹோமாக்காரர் ஒருவர், மனைவியோடு.
ரொட்டிக்கூடை வருமுன்னே கேட்டார்:
"நாங்கள் போன வாரம்தான் போட்டோம்.
நீங்கள் எவ்வளவு கொடுத்தீர்கள்?"

நான் முள்கரண்டியைத் திருப்பி வைத்தேன்.
ஏர்லீன் தண்ணீர் குடித்தாள்,
அவசரமே இல்லாமல், முழுக் கோப்பையும்.
"மறந்தே போய்விட்டது" என்றாள்.

மேசைக்கு அடியில்
அவள் செருப்பு என் காலை மிதித்தது.
மிதித்த கால்
இறால் இனிப்பு வரும்வரை எடுக்கப்படவில்லை என்று
சொல்ல வந்தேன்; தவறு.
இறால் வேறு நாள். அன்று எலுமிச்சைக் கேக்.