தொண்ணூற்றொன்றாம் பாத்தி

இரவு ஒன்பதரைக்கே புல் விறைக்கத் தொடங்கிவிட்டது.
காற்றில்லை. மேகமில்லை.
இத்தலார் சரிவில் ஒரு நாய்கூட வாய் திறக்கவில்லை.
"இன்னிக்கு விழும் மேடம்" என்றாள் புஷ்பகாந்தி,
தெர்மாமீட்டரைப் பார்க்காமல்
மூக்கை மட்டும் சற்றுத் தூக்கி.

பதினேழு நாள் காத்திருந்தோம் இந்தப் பனிக்கு.
ஊரே விழாதே என்று கும்பிட
விழு, விழு என்று கிடந்தவர்கள் நாங்கள் இருவர்.
கீழ்த்தோட்டத்துப் போஜனிடம் இதைச் சொல்லவில்லை.
அவருடைய உருளை இன்னும் பச்சையாய் நிற்கிறது.

எங்களுடையது தொண்ணூற்றாறு பாத்தி.
ஒவ்வொன்றும் வேறு தாய், வேறு தகப்பன்.
இரண்டு மணிக்கொரு தரம் பாத்திக்கு ஓர் இலை கிள்ளி
அலுமினியத் தாளில் மடித்து
புகையும் நைட்ரஜன் குடத்தில் போட வேண்டும்.
மைனஸ் இரண்டைச் செடி எப்படித் தாங்குகிறது என்றறிய
மைனஸ் நூற்றுத் தொண்ணூற்றாறில் அதன் இலையை முக்குகிறேன்.
"பாவம்" என்றாள் புஷ்பகாந்தி.
இலையையா என்னையா, கேட்கவில்லை.

ஊட்டி ஆய்வகச் சுவரில் ஒரு வரைபடம் உண்டு.
குளிரை முதலில் உணரும் சவ்வு,
அது திறந்துவிடும் சுண்ணாம்புச் சத்து,
அது தட்டி எழுப்பும் ஒரு மரபணு,
அந்த ஒன்று எழுப்பும் அறுபது.
ரேஷன் கடையில் சர்க்கரை வந்திருக்கிறது என்று
ஒருத்தி சொன்னால் தெருவே பையோடு கிளம்புமே, அப்படி.
இங்கும் கடைசியில் சர்க்கரைதான்:
செல்லுக்குள் கரைந்து நின்று
தண்ணீரைக் கட்டியாகவிடாத சர்க்கரை.
எல்லாவற்றையும் கூட்டிக் கழித்துக் கணினி சொன்னது
பன்னிரண்டாம் பாத்தி பிழைக்கும் என்று.

விடிந்தபோது சரிவெல்லாம் உப்பு தூற்றியிருந்தது.
ஏழு மணி வெயில் தொட்டதும்
ஒவ்வொரு பாத்தியாகக் கறுத்தது,
வெந்நீரில் போட்டெடுத்த கீரைபோலத் தொங்கியது.
பன்னிரண்டும்.

வேலியோரத் தொண்ணூற்றொன்று மட்டும் பச்சை.
பச்சை என்றால்
வெட்கமே இல்லாத பச்சை.
ஓடினேன். படமெடுத்தேன்.
பேராசிரியருக்கு அனுப்ப விரல் போன நேரம்
"இங்க வந்து பாருங்க" என்றாள் வேலிக்கு அப்பாலிருந்து.

இரட்டைக் கட்டில் அகலத்துக்குப் புல் படுத்துக் கிடந்தது,
ஒரு பொட்டுப் பனியில்லாமல்.
பக்கத்தில் இன்னும் ஆவி விடும் சாணி.
காட்டெருமை. ஒற்றை ஆண்.
இரவெல்லாம் வேலியோடு முதுகை ஒட்டி
அசைபோட்டு மூச்சுவிட்டு
என் தொண்ணூற்றொன்றுக்கு அடுப்பாக இருந்திருக்கிறது.
நான்கு தரம் டார்ச்சோடு அந்தப் பக்கம் போனோம்.
பாறை என்று நினைத்தோம்.

அறுபது மரபணுவில் எதிலிருந்து கோடிழுத்து
அதை நான் வரைய?
எக்செலில் குறிப்பு என்ற கடைசிக் கட்டத்தில்
"எருமை படுத்திருந்தது. நீக்குக" என்று தட்டினேன்.
எட்டிப் பார்த்துப் புஷ்பகாந்தி சிரித்த சிரிப்பில்
டீ பாதி கொட்டிப்போனது.

பதினோரு நாள் கழித்துக் கிழங்கு தோண்டப் போனோம்.
நாற்பத்து மூன்றில், கருகிய தண்டுக்கடியில்,
மண்ணை விலக்கிக்கொண்டு ஒரு தளிர்.
ஊதா நுனி.
விரலால் கிளறினால் இன்னும் இரண்டு.
இலை மொத்தத்தையும் பனிக்குக் கொடுத்துவிட்டு
அடிக்கணுவை மட்டும் எப்படியோ காப்பாற்றியிருக்கிறது.
எப்படி என்பதற்கு என்னிடம் மாதிரி இல்லை.
அன்றிரவு குடத்தில் போட்டதெல்லாம் இலை.
அடித்தண்டை யாரும் கேட்கவில்லை.

"அடுத்த பனி எப்ப விழும்?" என்றேன்.
ஆசை குரலில் தெரிந்திருக்க வேண்டும்.
புஷ்பகாந்தி மூக்கைத் தூக்கவில்லை.
கண்ணால் கீழே காட்டினாள்.
கருகிய உருளைக்கு நடுவே
கையில் கொத்தோடு போஜன்
எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.