சம அளவு

பன்னிரண்டு சென்ரிமீற்றர் நீளம், நாலு அகலம்.
அடிமட்டம் வைத்து இரண்டையும் நான்தான் கிழித்தேன்.
கத்தரிக்கோல் வருமானப் பகுதி அலுமாரிக்குள்.
திறப்பு, லீவில் போனவரின் சட்டைப்பைக்குள்.

ஆறுக்கு ஆறு.
பதின்மூன்றாமவர் தான் நடுநிலை என்று சொல்லிவிட்டுத்
தொலைபேசியைக் காதில் வைத்தபடி விறாந்தைக்குப் போனார்.
அங்கே தொடர்பு கிடைக்காதென்று
சபையில் எல்லாருக்கும் தெரியும்.

அதற்கு முதல்,
வாக்கெடுப்பு பகிரங்கமா இரகசியமா என்று ஒரு வாக்கெடுப்பு.
அதற்கும் முதல் ஒரு நிமிட மௌனம்;
யாருக்கென்று இரண்டு பகுதியும் இரண்டு விதமாய்ச் சொல்ல
கடைசியில் பொதுவாக நின்றோம்.
மின்விசிறி மட்டும் கதைத்தது.

யாழ்ப்பாணத்தில் இருந்து வந்த ஆணையாளர் அம்மா
கண்ணாடியைத் துடைத்துப் போட்டு
கட்டளைச்சட்டத்தில் விரலை வைத்து
"திருவுளச்சீட்டு" என்றார்.
உபகுழு, வட்டாரம், விகிதாசாரம், குறைநிரப்பு என்று
ஏழு வருசம் நான் தட்டெழுதிய சொற்களுக்குள்
கடவுள் எட்டிப் பார்த்தது அந்த ஒரு சொல்லில்தான்.

புதுத்தாள் முடிந்து மூன்று கிழமை.
விலைமனுக் கேட்டு அனுப்பியது இன்னும் திரும்பவில்லை.
கைக்கு அகப்பட்டது
விளாங்கண்டல் ஆட்களின் கடிதம், பின்பக்கம் வெள்ளை.

மதகு உடைந்த கடிதம்.
மார்கழி வெள்ளம் கொண்டுபோன மதகு.
ஆளுநர் செயலகத்துக்கு எழுதியிருந்தார்கள்.
அங்கிருந்து பிரதம செயலாளர், அமைச்சின் செயலாளர்,
ஆணையாளர், உதவி ஆணையாளர்,
உரிய நடவடிக்கைக்காக, உரிய நடவடிக்கைக்காக,
ஒருவர் மட்டும் சிவப்பில் "அவசரம்".
எங்கள் செயலாளர் பச்சையில் என் பெயர்.
நான் நீர்ப்பாசனத்துக்கு எழுதினேன்: வாய்க்கால் உங்களுடையது.
வாய்க்கால் எங்களுடையது, மதகு வீதியினுடையது என்றார்கள்.
அப்படியொரு வீதி பட்டியலில் இல்லை என்றது வீதித் திணைக்களம்.
மாகாண சபையைக் கேட்கலாமென்றால்
கைதடியில் கட்டடம் இருக்கிறது, கதிரைகள் இருக்கின்றன,
தூசி தட்டவும் ஆள் இருக்கிறது.

கிழித்தது பிரதியைத்தான்.
மூலம் கோவையில் பத்திரமாய் இருக்கிறது.
கேட்கிறவர்களுக்குச் சொல்லி வைக்கிறேன்.

பொ. தில்லைவாசன்.
இராசரத்தினம் அமலேந்திரன்.
நீளப் பெயரை நெருக்கி எழுதினேன்.
அதற்கும் ஒருவர் எழும்பி ஆட்சேபணை சொன்னார்.

சீட்டெடுக்க, கட்சி இல்லாத ஒரு கை வேண்டுமாம்.
குப்பை உழவு இயந்திரம் ஓட்டும் குகதாசனைக் கூப்பிட்டார்கள்.
கழுவிவிட்டு வா என்றதற்கு
முழங்கை மட்டும் சவர்க்காரம் போட்டு வந்தான்.
பிஸ்கற் ரின்னைக் குலுக்கினேன்.
இரண்டு கடதாசிக்கு அவ்வளவு சத்தம் வரும் என்று நினைக்கவில்லை.

எடுத்தான். விரித்தான்.
அவன் பார்த்தது பின்பக்கத்தை.
"பிள்ளைகள் சப்பாத்தைக் கையில் தூக்கிக்கொண்டு" என்று
நல்ல உரத்து வாசித்தான்.

பன்னிரண்டு பேரும் கதிரை நுனிக்கு வந்து
அது யார் பக்கம் என்று யோசித்தார்கள்.
குகதாசன் விளாங்கண்டல் ஆள்.
அந்தக் கடிதத்தில் பதினேழாவது கையெழுத்து அவனுடையது.
கடதாசியைத் திருப்பவில்லை. அப்படியே நின்றான்.
"தம்பி, மற்றப் பக்கம்" என்றார் ஆணையாளர் அம்மா,
கடுமையாய் இல்லை.

தில்லைவாசன் என்றான்.
வெளியே வெடி கொளுத்தினார்கள்.
சந்தியில் நின்ற மாடுகள் முறிப்புப் பக்கம் ஓடின.
விறாந்தையில் இருந்தவர் தொலைபேசியை இறக்கிவிட்டு
முதல் ஆளாய் வந்து மாலை போட்டார்.

கூட்ட அறிக்கையில் அந்த அரை வசனத்தை
எத்தனையாம் பந்தியில் போடுவதென்று கேட்டேன்.
செயலாளர் சிரித்தார்.
சீட்டு இரண்டையும் கோவையில் கட்டினேன்,
பெயர்ப்பக்கம் மேலே தெரிய.
ரின்னுக்குள் இப்போது குண்டூசி.

நேற்று விளாங்கண்டலில் இருந்து நினைவூட்டல் கடிதம் வந்தது.
இந்தமுறை
தாளின் இரண்டு பக்கமும் எழுதியிருக்கிறார்கள்.