ஒரு விரல் தள்ளி

என் வேலை இதுதான்: பொத்தானை அழுத்தி
ஒருவரின் இதயத்தைக் கலைத்துவிடுவது.
பிறகு எண்ணுவது.

வால்பரைசோவில் ஜூலை மாதம். கடல்மூட்டம்
பாரந்தூக்கிகளின் கழுத்துவரை ஏறி நிற்கிறது.
மேசையில் எர்மிந்தா கார்காமோ, ஐம்பத்து மூன்று வயது,
இந்தக் குன்றுகளின் தகரச் சுவர்களுக்கு
முப்பது வருடமாக வண்ணம் அடிப்பவள்.
நகக்கண்ணில் நீலம் ஒட்டியிருந்தது.
அதைச் சுரண்டிய பிறகுதான்
விரல்கவ்வி ஒழுங்காகப் படித்தது.

பழைய கம்பி சிரை வழியே இறங்கி
இதயத்துக்குள் போய்த் தைத்துக்கொண்டிருந்தது.
ஒன்பது வருடம்.
கூரையின் அடிப்பக்கம் பூச அவள் கை உயரும்போதெல்லாம்
காறையெலும்புக்கும் முதல் விலாவுக்கும் நடுவே
நசுங்கி நசுங்கி
ஒரு நாள் உள்ளுக்குள் முறிந்தது.
முறிவின் இரைச்சலைச் சாவு என்று நினைத்தது கருவி.
ஏணியில் நின்றவளை, நல்ல நினைவோடு நின்றவளை,
ஏழு முறை அடித்தது.
பாவம் இதயம், அதன் மேல் ஒரு குற்றமும் இல்லை.
"ஏழு முறையும் திரும்பிப் பார்த்தேன்" என்றாள்,
"யார் அடிக்கிறது என்று."

பிடுங்க முடியாது, தழும்பு அதைத் தின்றுவிட்டது.
முனையை மூடி உள்ளேயே விடுகிறோம் என்றதும்
தலையாட்டினாள்:
எந்த வீட்டுச் சுவரில் செத்த வயர் இல்லை?
அதன் மேலேயேதான் பூசுகிறோம்.

புதியது உள்ளே போகாது.
மருத்துவர் ஒவாயே நெஞ்சுக்குழியில் சின்னதாகக் கீறி
நெஞ்செலும்பின் முதுகை உரசியபடி
மழுங்கிய கோலை மேலே நகர்த்துகிறார்.
முன்னால் எலும்பு, பின்னால் துடிப்பு.
நடுவில், பூட்டிய கதவின் அடியில்
கடிதம் நுழைகிற அளவு சந்து.
நெஞ்சைத் தொட்டது என்று பாட்டைப் புகழ்கிறோம்.
இங்கே தொடாமல் போய்ச் சேர்வதுதான் வித்தை.

அழுத்தினேன்.
ஒழுங்காக வந்துகொண்டிருந்த கோடு
உலை அரிசியாய்த் துள்ளத் தொடங்கியது.
நான்கு. ஐந்து.
கருவி காது கொடுக்கிறது.
ஒன்பது. பத்து.
அலை சிறிது, மிகச் சிறிது.
இல்லாத சாவுக்கு ஏழு அடி கொடுத்தது பழையது.
இருக்கிற சாவு புதியதன் காதில் விழவில்லை.
பதினெட்டு.
"வெளியிலிருந்து" என்றார் ஒவாயே.
நிபால்தோ தயாராக வைத்திருந்தான்.
அவள் உடம்பு மேசையை விட்டு ஒரு சாண் எழும்பி விழுந்தது.
இருபத்தொன்று. கோடு திரும்பியது.

யாரும் பேசவில்லை.
எனக்கு என்னவோ, ஆறிப்போன காபியின் நினைவு வந்தது.
வெட்கமாக இருந்தது.

கம்பியை உருவி, இடப்பக்கம்
ஒரு விரல் தள்ளி, மறுபடி ஏற்றினார்.
அதே கம்பி. அதே இதயம்.
ஒரு விரல்.

இப்போது மறுபடி அழுத்த வேண்டும்.
பயிற்சியில் இதை யாரும் சொல்லவில்லை:
இப்போதுதான் திரும்பி வந்தவளை
இன்னொரு தரம் அனுப்பச் சொல்வார்கள் என்று.
அழுத்தினேன்.
ஆறிலேயே கேட்டுவிட்டது. சேமித்தது.
பதினான்கில் அக்குளுக்குக் கீழிருந்து
தானே அடித்தது.
ஒரு வெற்றுக் கோடு. இன்னும் வெற்று.
பிறகு, சோம்பலாக, முதல் துடிப்பு.

மறுநாள் கேட்டாள், எவ்வளவு நேரம் இல்லாமல் இருந்தேன்?
இரண்டும் சேர்த்து முப்பத்தைந்து விநாடி.
"ஒரு தூரிகையைக் கழுவக்கூடக் காணாது."
எக்ஸ்ரே படத்தை ஜன்னலுக்கு நேரே பிடித்தாள்.
"கோடு நேராக இல்லையே."
நெஞ்செலும்பும் நேராக இல்லை என்றேன்.
"அது நான் அடித்த சுவர் இல்லை."

காயம் ஆறியதும் கையை எவ்வளவு வேண்டுமானாலும் உயர்த்தலாம்,
அந்தப் பக்கம் நசுங்குவதற்கு இனி ஒன்றும் இல்லை என்றேன்.
அவள் காயம் ஆறக் காத்திருக்கவில்லை.
பல்லைக் கடித்து, மெல்ல, காதுவரை தூக்கினாள்,
பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று
திரும்பிப் பார்த்தபடியே.