நாற்பத்தேழாம் மின்கம்பம்

பன்னிரண்டு பத்துக்குத்
தருமபுரத்தின் கடைசி மானியை வாசித்துவிட்டுப்
பசியை மோட்டசைக்கிளில் ஏற்றினேன்.
அரை மணித்தியாலம் இருக்கிறது.
அதற்குள் சாப்பிட வேண்டும், நல்லதாக வேண்டும்,
எண்ணூறு ரூபாய்க்குள் வேண்டும்.
மூன்றும் ஒன்றாய்க் கிடைக்கிற இடம்
இந்த வீதியில் இருக்குமென்று
ஆரும் சத்தியம் செய்யமாட்டார்கள்.

கிளிநொச்சியில் போர்ட்டுகள் இருக்கின்றன.
ஒன்றில் டிராகன், ஒன்றில் பனைமரம்,
ஒன்றில் இரண்டும்:
டிராகன் பனையில் ஏறி நொங்கு பிடுங்குகிறது.
உள்ளே போனால் எல்லாம் ஒரே சோஸ்.
மொங்கோலியன் றைஸ் என்றாலும்
நாசி கொறெங் என்றாலும்
மேலே ஒரு பொரித்த முட்டை,
கீழே முந்தநாள் கோழி.
எனக்குத் தெரியும்.
நான் அவர்களுடைய மானியைப் பார்க்கிறவன்.

மாதம் ஆயிரத்து எண்ணூறு யூனிற் ஓடும் கடையில்
மூன்று பிறீசர் இருக்கிறது.
பிறீசருக்குள் போன மாதம் இருக்கிறது.
இதை நான் ஒருவருக்கும் சொல்வதில்லை,
தொழில் தர்மம்.
அங்கே சாப்பிடுவதும் இல்லை.

விசுவமடு தாண்டி இடது பக்கம்
ஒரு தகரக் கூரை, மூன்று கதிரை,
ஒன்றின் காலை நீலக் கயிற்றால் கட்டியிருந்தது.
போர்ட் இல்லை. மானி இருந்தது.
பழைய மானி. சிவப்புக் கோடிட்ட வட்டு
நடக்க மனமில்லாத மாடு மாதிரிச் சுற்றியது.
அறுபத்தொரு யூனிற்.
ஒரு பல்ப், ஒரு காற்றாடி, ஒரு போன் சார்ஜர்.
பிறிட்ஜ் இல்லவே இல்லை.
அப்படியென்றால்
இறால் இன்று விடியத்தான் செத்திருக்கிறது.

"என்ன அக்கா இருக்கு?"
"கூழ் நூடில்ஸ்."

இரத்தினபூபதி. கட்டாரில் ஒன்பது வருசம்,
தாய்லாந்துக்காரி ஒருத்தியோடு
ஒரே அடுப்பு, ஒரே இரட்டைத்தட்டுக் கட்டில்.
ஒரு வெள்ளிக்கிழமை இவ ஒடியல் கூழ் காய்ச்ச
அவள் ஒரு கரண்டி குடித்துவிட்டு முறைத்தாளாம்:
இது எங்கட சூப்.
புளி இருக்கு, உறைப்பு இருக்கு, நண்டு இருக்கு,
எலுமிச்சைப் புல்லை ஆர் தின்றது?
மாடு, என்றாவாம் இவ.
இவவின் அரபியும் அவளின் அரபியும்
சேர்த்து அவ்வளவுக்குத்தான் காணுமாம்.

வட்டு நாலாவது சுற்றை முடிக்கமுன்
கோப்பை வந்தது.
நூடில்ஸ் என்றது வெயிலில் காய்ந்த இடியப்பம்.
பயிற்றங்காய், பலாக்கொட்டை, ஆறு இறால்,
கணவாயில் ஒரு வளையம்,
பாதித் தேசிக்காய், அந்தப் புல்.
முதல் வாய் கூழ்.
இரண்டாவது வாய் கூழ் இல்லை.
மூன்றாவதுக்குப் பிறகு எண்ணவில்லை,
எண்ணுவதுதான் எனக்குச் சம்பளம் என்றாலும்.

பக்கத்துக் கதிரையில் ஒரு மணல் லொறிக்காரன்
மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டான்:
"ஏசியன் பியூஷன் எண்டுறது இதைத்தானோ?"
"அதை நாங்கள் முகாமிலையே செய்தனாங்கள் தம்பி.
அரிசி ஒரு நாடு, பருப்பு ஒரு நாடு,
மீன்பேணி எந்த நாடெண்டு எழுத்தும் விளங்காது.
சட்டி மட்டும் எங்கட."
அவன் சிரித்தான். நானும் சிரித்தேன்.
அக்கா அகப்பையைக் கழுவிக்கொண்டிருந்தா.

அறுநூற்றைம்பது ரூபாய்.
ஆயிரத்தை நீட்டி மிச்சத்தை வாங்கிப்
பில்லை எழுதிக் கொடுத்தேன்.
திருப்பித் திருப்பிப் பார்த்தா.
"காசு கொஞ்சம் சேர்ந்திருக்கு.
அடுத்த மாதம் பிறிட்ஜ் ஒண்டு எடுப்பமோ எண்டு."

காற்றாடி ஒருமுறை கிறீச்சிட்டது.
வேண்டாம் அக்கா என்று வாய்வரை வந்தது.
வந்தது என் வயிற்றின் சொல்.
நாற்பது பாகை வெயிலில்
விடியக் கடற்கரைக்கு ஓடி, மிஞ்சின மீனை
மாலையில் நாய்க்குக் கொட்டுகிறவ அவ.

"எடுங்கோ அக்கா," என்றேன்.
"சின்னதாய்."

கடைக்குப் பெயர் கேட்காதீர்கள்.
நாற்பத்தேழாம் மின்கம்பத்தில் இருந்து
வேம்பைக் கடந்து வருகிற வயர்.
வருகிற பதினெட்டாம் திகதி போவேன்.
முதலில் மானி, பிறகு கோப்பை.
எண்பதைத் தாண்டியிருந்தால்
இறாலைக் கொஞ்சம் மணந்து பார்ப்பேன்.
பார்த்துவிட்டுச் சாப்பிடுவேன்.