கேட் தொறந்தாச்சு

கொருக்குப்பேட்டை கேட் போட்டு
இருபது நிமிஷம் ஆகிறது.
வண்டியை அணைத்துவிட்டேன்.
பின்னால் ரோகேஷ்,
என் தோளைத் தொடாமல்
சீட்டுக் கம்பியைப் பிடித்தபடி.

எண்ணெய் டேங்கர்கள் போகின்றன
ஒவ்வொன்றாக, அவசரமே இல்லாமல்.
சின்னதில் சத்தமாக எண்ணுவான்.
நாற்பதுக்கு மேல் தெரியாமல்
திரும்பவும் ஒன்றிலிருந்து தொடங்குவான்.
இன்று யாரும் எண்ணவில்லை.

போன மாதம் மெடிக்கல் கடையில்
பில் போட்டுக்கொண்டிருந்தபோது வந்தது
அந்த ஸ்டிக்கர்.
பள்ளிச் சீருடையில் ஒரு பெண்,
வாய் நிறையக் கொட்டாவி.
வாய்க்குள் கூட்ஸ் வண்டி நுழைகிறது.
கீழே மஞ்சள் எழுத்தில்
'கேட் தொறந்தாச்சு'.

சிரித்தேன்.
எப்படிச் சிரிக்காமல் இருப்பது?
இந்த கேட்டில் பாதி ஆயுசைக் கழித்தவள் நான்.
எண்ணூர் அக்காவுக்கு அனுப்பினேன்,
சீட்டு குரூப்பில் போட்டேன்,
மருந்து கம்பெனி ரெப்புக்கும்கூட.
அந்தப் பெண்ணுக்கு ஒரு பேர் இருக்கும் என்று
தோன்றவே இல்லை.

ஷாமிலி.
பத்தாவது, பி பிரிவு.
மதியச் சோற்றுக்குப் பின், அறிவியல் வகுப்பில்,
எல்லோருக்கும் வருவது அவளுக்கும் வந்தது.
பக்கத்து பெஞ்சிலிருந்து படம் எடுத்தவன்,
ரயிலை வெட்டி ஒட்டியவன்,
எழுத்துக்கு மஞ்சள் அடித்தவன்
என் வீட்டில்தான் இருந்தான்,
நான் தவணை கட்டுகிற போனோடு,
நான் தோசை ஊற்றிக்கொண்டிருந்த நேரத்தில்.

டீச்சர் கூப்பிட்டுச் சொன்னார்.
பதினோரு நாளாக அவள் வரவில்லை.
தண்ணிக்குப் போனால் சின்னப் பசங்கள்
கூ... என்று ஊதுகிறார்களாம்.
பேசும்போது வாயைக் கையால் மூடிக்கொள்கிறாளாம்,
வீட்டுக்குள்ளும்.

போனைப் பிடுங்கினேன். கத்தினேன்.
"எவ்ளோ திமிருடா உனக்கு?"
தலை நிமிராமலே சொன்னான்,
"நீயும்தாம்மா சீட்டு குரூப்ல போட்ட.
எனக்கே திரும்பி வந்துச்சு,
அஞ்சலை ஆன்ட்டி பையன்கிட்டேந்து."

அதற்கப்புறம் நான் கத்தவில்லை.
ராத்திரி உட்கார்ந்து
ஒவ்வொரு இடமாகத் தேடி அழிக்கப் பார்த்தேன்.
எல்லோருக்கும் அழிக்க
நாள் கடந்துவிட்டது.
எனக்கு மட்டும் அழிக்கலாம் என்றது போன்.
எனக்கு மட்டும் அழித்து
என்ன செய்ய?

குரூப்பில் எழுதினேன்.
'அது என் பையன் செய்தது. நான் பரப்பியது.
யாரும் அனுப்பாதீங்க.'
நீல டிக் விழுந்தது.
ஒருத்தி கும்பிடு போட்டாள்.
ஒருத்தி
அதே ஸ்டிக்கரைப் போட்டாள்.

ஹேண்டில்பாரில் ஒரு கிலோ ஆப்பிள் தொங்குகிறது.
எதற்கு வாங்கினேன் என்று தெரியவில்லை.
உடம்பு முடியாதவரைப் பார்க்கப் போவதுபோல.

கடைசிப் பெட்டியும் போய்விட்டது.
கேட் மெல்ல ஏறுகிறது.
முன்னால் நிற்கும் ஷேர் ஆட்டோவிலிருந்து
ஒரு குழந்தை கைதட்டிக் கத்துகிறது,
"கேட் தொறந்தாச்சூ!"
அது நிஜமான கேட்டைப் பார்த்துத்தான் கத்துகிறது.
ஆட்டோவில் எல்லோரும் சிரிக்கிறார்கள்.
முதுகுக்குப் பின்னால்
ஒரு மூச்சு நின்று, திரும்ப வருகிறது.

"போய் இன்னாம்மா சொல்லணும்?"

"தெர்லடா," என்கிறேன்.
"மொதல்ல நான் சொல்றேன்."

எல்லா வண்டிகளும் ஹாரன் அடிக்கின்றன.
என் வண்டி முதல் உதைக்குக் கிளம்பவில்லை.
இரண்டாவதுக்கும் இல்லை.
ரோகேஷ் இறங்கித் தள்ளுகிறான்.
ஆப்பிள் பை
முட்டியில் இடித்துக்கொண்டே வருகிறது.